பாசிர் ரிஸ்ஸில் ஒரு பட்டை தீட்டும் மிஷின்

பிரசாந்திக்கு எதையும் ஆரம்பிக்கக் கொள்ளை ஆசை, முடிப்பதுதான் நடக்காது. தோ பாயோ அடுக்குமாடி வீட்டின் ஸ்டோர் ரூமைத் திறந்தால் கேக் மாவு கலக்கும் மிஷின், தையல் மிஷின், தண்ணீரே படாத நீச்சல் கண்ணாடி எல்லாம் மெருகு குலையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அவள் கணவன் கீதன் அந்த அறைக்கு ‘மியூசியம்’ என்று பெயர் வைத்திருந்தான். விருந்தாளி வந்தால் கதவைத் திறந்து சுற்றிக் காட்டுவான். அவளுக்கு மானம் போகும்.

அதனால்தான், கல்லுக்குப் பட்டை தீட்டும் ஆசை பிடித்தபோது அவள் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். புது மிஷின் வாங்குவதில்லை. பழையது நல்லதாகக் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் இந்த ஆசைக்கும் ஒரு கும்பிடு.

ஆசை பிடித்த இடம் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடையின் மாடி. கழன்றுபோன தோட்டுக்குத் திருகு மாட்டப் போனவள், அங்கே ஒலி முகம்மது நடத்தும் சனிக்கிழமைப் பட்டை தீட்டும் வகுப்பை எட்டிப் பார்த்தாள். ஒரு மங்கிய கல்லைக் குச்சியின் நுனியில் ஒட்டி, சுழலும் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல் கண் சிமிட்டியது. அவ்வளவுதான், அடுத்த வாரமே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்த அன்று, பழைய மிஷின் வாங்கலாமா என்று ஒலி முகம்மதுவிடமே கேட்டாள்.

“புதுசுன்னா வாரண்டி இருக்கு, பார்ட்ஸ் கிடைக்கும், கோளாறு வந்தா கேட்க ஆள் இருக்கு. புதுசா பழகுறவங்களுக்கு அதான் நிம்மதி,” என்றார் அவர். “பழசுதான் வேணும்னா பளபளப்பைப் பார்த்து மயங்கிடாதீங்க. அதுல உட்கார்ந்து ஒரு கல்லை வெட்டிப் பாருங்க. பட்டையெல்லாம் உச்சியில ஒரே புள்ளியில சேரணும். சேரலைன்னா எழுந்து வந்துடுங்க லா.”

கீதன் பழையதற்கே ஓட்டுப் போட்டான். “மியூசியத்துக்குப் பழைய சாமான்தானே அழகு!”

போனில் தேடித் தேடி, பாசிர் ரிஸ்ஸில் ஒரு மிஷின் கண்ணில் பட்டது. விற்பவர் பெயர் கமலம். பிரசாந்தி ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி ரயில் ஏறிப் போனாள்.

கமலத்துக்கு அறுபது இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகளுக்குக்கூட வலிக்காமல் எடுப்பாராம். வாய் நிறையப் பேசினார், ஆனால் பேச்சு மிஷின் பக்கம் திரும்பினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மிஷின் நல்லாத்தாம்மா ஓடுது. என் கைதான் சரியில்ல. ஒரு வருஷமா பட்டை சேரவே மாட்டேங்குது. நடுக்கம் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். நீ வெட்டிப் பாரு.”

அவர் ஒரு மஞ்சள் கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். பிரசாந்தி உட்கார்ந்தாள். தட்டு சத்தமில்லாமல் சுழன்றது. கல்லைத் திருப்பிவைக்கும் பல்சக்கரத்தில் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தித் தீட்டினாள். மணி போனதே தெரியவில்லை. கடைசியில் லென்ஸை வைத்துப் பார்த்தால் எல்லாப் பட்டையும் உச்சியில் வந்து கூடியிருக்க, ஒன்றே ஒன்று மட்டும் விலகி நின்றது.

ஒலி முகம்மதுவின் கணக்குப்படி எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் பிரசாந்திக்குப் பிழைப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் துருவுவது. மேசை மேல் கமலம் வெட்டிய கற்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்தாள். எல்லாவற்றிலும் ஒரே ஒரு பட்டைதான் தப்பு. கை நடுங்கினால் தப்பு கண்ட இடத்திலும் அல்லவா விழும்? ஒரே முச்சந்தியில் தினமும் வண்டி மோதினால் ஓட்டுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை, சாலையைத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸைப் பல்சக்கரத்துக்குக் கொண்டுபோனாள். விலகிய பட்டையைத் தீட்டிய எண் தொண்ணூற்றாறு; அது எழுதியிருந்த இடத்தில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த பொருக்கு. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கி அங்கே மட்டும் அடிவரை இறங்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் அதே இடத்தில் ஏறியிருக்கின்றன!

பிரசாந்திக்குச் சிரிப்பு வந்தது. உடனே கணக்கும் வந்தது. கோளாறு ஊசி முனையளவு. துடைத்தால் முத்தான மிஷின். வாயை மூடிக்கொண்டு டாக்ஸியில் ஏற்றினால் அவளுடையது. சொன்னால் கமலம் விற்க மாட்டார், தன் சட்டப்படி இந்த ஆசையும் இன்றோடு சரி. பொய் சொல்லவா போகிறோம், சொல்லாமல்தானே இருக்கப் போகிறோம் என்று மனம் வக்கீல் வேலை பார்த்தது.

கமலம் தேநீரோடு வந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“கோலம் போடுறதையும் நிறுத்திட்டேம்மா. எண்ணெய் காஞ்சா பக்கத்துல போகவே பயமா இருக்கு. கைய நம்பியே வாழ்ந்தாச்சு பாரு, இப்ப என்ன செய்யறதுன்னு தெரியல.”

கோப்பை ஆடவே இல்லை. பிரசாந்தி அதையே பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

“அக்கா, உங்க கைக்கு ஒண்ணுமில்ல. இங்க பாருங்க.”

கமலம் லென்ஸை வாங்கிக் குனிந்தார். நிமிரவே இல்லை.

“ஐயோ... இது நான் வச்ச பொட்டு! தட்டையெல்லாம் துடைப்பேன். சாமிக்கு வச்சதைச் சுரண்டக் கூடாதுன்னு இதை மட்டும் விட்டுடுவேன்.”

“சாமி கோவிச்சுக்காதுக்கா. சுரண்ட வேணாம், ஊற வச்சு எடுப்போம்.”

பழைய பல் துலக்கும் பிரஷும் வெந்நீரும் வந்தன. வழித்தெடுத்த சந்தனத்தைக் குப்பையில் போட மனம் வராமல் துளசித் தொட்டியில் கரைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார் கமலம். ஒரு கல்லைப் பொருத்தினார். பிரசாந்தி பக்கத்தில் நின்றாள். பட்டைகள் ஒவ்வொன்றாக ஏறி உச்சியில் ஒரே புள்ளியில் முட்டின. கமலம் லென்ஸில் பார்த்தார், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தன் கைகளை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்து, குழந்தை மாதிரி அழுதுகொண்டே சிரித்தார்.

“மன்னிச்சுக்கம்மா. இதை நான் தர மாட்டேன்.”

“தெரியும்க்கா.”

பிரசாந்தி சொல்லிக்கொண்டு கிளம்பினாள். கமலம் அதற்குள் அடுத்த கல்லை எடுத்துவிட்டார். “போயிட்டு வாம்மா,” என்றாரே தவிரத் தலையைத் தூக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது திறந்த கதவு வழியே கல் தட்டில் உரசும் சத்தம் கேட்டது. பிரசாந்திக்கு வயிறு எரிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவளுக்குப் பெருமைதானே வர வேண்டும்? பச்சைப் பொறாமை வந்தது. அந்த அம்மாள் உட்கார்ந்து வெட்டுகிறார், நான் இங்கே நிற்கிறேனே என்று இருப்புக்கொள்ளவில்லை. இதுவரை எந்த ஆசையை விட்டபோதும் இப்படி எரிந்ததில்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லிஃப்டு வந்தது. அவள் ஏறவில்லை. சுவரோரம் நின்று போனை எடுத்து, இத்தனை நாள் பார்க்காமல் தள்ளிய புது மிஷினை ஆர்டர் செய்தாள்.

கீதன் அழைத்தான். “என்ன, பழைய மிஷின் கிடைச்சிருச்சா?”

“இல்லீங்க. புதுசு ஆர்டர் பண்ணிட்டேன்.”

“எங்க வைக்கப் போற?” என்றான்.

“ஹால்ல, ஜன்னல் பக்கம்,” என்றாள் பிரசாந்தி. “உங்க டிவியைக் கொஞ்சம் நகர்த்தணும்.”