வாய்க்கரிசி நேரத்தில் சிரித்தவள்

1

போன மாதம் ஒரு சாவு வீட்டில் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் திரும்பி முறைத்தோம். சிரித்தவர் கண்ணைப் பார்த்தால், ஐயோ பாவம், அழுகிற கண். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதையின் அங்கம்மா அப்படிப் பிறந்தவள்.

2

"1943-ஆம் ஆண்டு, மேனாம்பேட்டு வயல்களில் விடியலின் பொன்னொளி..."

(போதும். ஊரே காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது பொன்னொளி என்ன வேண்டிக்கிடக்கிறது!)

நேராகவே சொல்கிறேன். காலையில் கூழ் குடித்த வேம்புலி, பொழுது சாய்வதற்குள் வாந்திபேதியில் போய்விட்டான். வாய்க்கரிசி போட அவன் பெண்டாட்டி அங்கம்மா அரிசியை அள்ளினாள். அள்ளிய கையோடு கெக்கெக்கென்று சிரித்தாள். அவளுக்கே திகிலாக இருந்தது. நெஞ்சு வெடிக்கிற துக்கம் உள்ளே கிடக்க, வாய் தன்பாட்டுக்குச் சிரித்தது.

வேம்புலியின் அண்ணன் கோதண்டம் அரிசியைத் தட்டிவிட்டான்.

"எந்தம்பி கூழ்ல இன்னாடி கலந்தே? சொல்லுடி!"

அவள் அரிசி போடாமலே பிணம் போயிற்று. புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்ற பேரோடு நூம்பலில் இருந்த தம்பி வீட்டுக்குத் துரத்தப்பட்டாள்.

(நிஜமாகவே விஷம் வைத்திருந்தால் கதை சூடுபிடிக்குமே என்று எழுதியும் பார்த்தேன்: "அரளி விதையை அரைத்த கையை அவள்..." சீ! எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.)

3

காரணமில்லாத சிரிப்பு அடிக்கடி வந்தது. தலைவலி, கண் மங்கல். தம்பி மணவாளன் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மண்டையில் துளை போட்டு, காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். மூளைக்கு நட்டநடுவில் ஒரு கட்டி.

"இது கெட்ட கட்டி இல்லம்மா, பரவாது. இருக்கிற இடந்தான் கெட்டது. அதுதான் உன்னைச் சிரிக்க வைக்குது," என்றார் டாக்டர். விட்டால் கண் போகும். எடுத்தால் உயிரே தங்காமல் போகலாம்.

பிழைப்பேனா என்று அவள் கேட்கவில்லை.

"இத்த எம்புருசனோட அண்ணனாண்ட நீங்களே ஒருவாட்டி சொல்லுங்க சாமி."

4

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கோதண்டம் வந்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கட்டிலருகே நின்றான்.

"கட்டின்றாரு. அப்ப அன்னிக்கு நீ சிரிக்கவே இல்லியா?"

"அழுதுகினுதான் இருந்தேன் மாமா. மூஞ்சிதான் சிரிச்சிது. ஒரு புடி அரிசி போட உட்டிருக்கலாமே."

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

(இங்கேயே முடித்திருந்தேன். பொய்யாக இருந்தது.)

அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே கெக்கெக்கே. அவன் முகத்துக்கு நேராக.

கோதண்டம் கையை...

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பிறகும் அந்தச் சிரிப்பை முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கோதண்டமும் அதையே செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.