கீழ் லயத்துக்குக் கேட்கிற சில்லு

கோயிலடிச் சவுக்கு மரத்தில் மணியாகத் தொங்கிய பழைய கார்ச் சக்கரத்து இரும்புச் சில்லைக் காணவில்லை என்றதும் சிவசக்திக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

லுணுகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அது சாமிக்கு அடிக்கிற மணி மட்டுமில்லை. மழைக்காலத்தில் மலை சரிய ஆரம்பித்தால் மேல் லயத்து வரிசை வீட்டுக்காரர் யாராவது ஓடிவந்து அதை அடிப்பார்கள். சத்தம் கேட்டால் கீழ் லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். ஏன், எதுக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தொண்ணூற்றேழு ஐப்பசியில் சிவசக்தியின் தங்கை நல்லம்மாவும் அவள் பிள்ளைகளும் அப்படித்தான் தப்பினார்கள். அடுப்படி மட்டும் மண்ணுக்குள் போனது.

திருடன் எடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கொண்டுபோனவர் பதுளை டாக்டர் கனகசபை. தூக்கிக் கொடுத்தவர் தோட்டத்து மனேஜர் துரை. டாக்டருக்குப் பழைய ஆஸ்டின் கார் ஒன்றின்மேல் பித்து. அதில் ஓடுகிற நாலு சில்லும் அசலாம். ஸ்பெயருக்கு மட்டும் அதே காலத்து அசல் அகப்படவில்லையாம்.

போன கிழமை அவர் அளக்கிற டேப்போடு மரத்தடியில் வந்து நின்றபோது சிவசக்திதான் பக்கத்தில் இருந்தாள். மலை வெடித்திருப்பதைப் பற்றித் தோட்டத்தில் மனுமேல் மனுக் கொடுத்திருந்தார்கள். அதனால் டேப்பும் கையுமாக யார் வந்தாலும் வெடிப்பைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்புவது அங்கே எல்லாருக்கும் வழக்கம். அவளும் அப்படியே நம்பி, அவர் கேட்டதும் சில்லில் அப்பியிருந்த மஞ்சள் குங்குமத்தை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கொடுத்தாள்.

"பாருங்கோ, கொம்பனி முத்திரை கிடக்கு! ஓட்டையளும் சரி, அகலமும் சரி," என்று டாக்டர் பூரித்துப்போனார். என் கையாலேயே துடைத்துக் கொடுத்தேனே, பாவி மனுஷன் என்று இப்போது அவள் அவரைச் சபித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் துரை பங்களா வாசலில் வந்து நின்றது. சிவசக்தி பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே போனாள்.

"ஏன் பிள்ளை கத்துறீர்? வேற சில்லு கொண்டு வந்திருக்கிறன்," என்று டாக்டர் ஒரு வேன் சில்லைக் காட்டினார். "எல்லாம் இரும்புதானே, அடிச்சாச் சத்தம் வரும்."

அவள் ஒரு கல்லை எடுத்துத் தட்டினாள். தகர டப்பா மாதிரி 'டக்' என்றது.

"இது கோயில் வாசலயே தாண்டாதுங்க. கீழ் லயத்துக்கு எப்படிங்க கேக்கும்?"

"அதுக்கு நான் என்ன செய்யிறது? என்ரை காருக்கு வேற ஒண்டும் பொருந்தாது."

அந்தச் சொல்தான் அவளைக் கொளுத்திவிட்டது.

"உங்க காருக்கு ஓட்டையும் முத்திரையும் பாத்துப் பாத்து அசல் வேணும். எங்க உசுருக்கு மட்டும் எது தொங்குனாலும் போதுமாங்க? அதுவும் டிக்கிக்குள்ள சும்மா கெடக்குறதுக்கு!"

டிக்கி திறந்துதான் இருந்தது. டயர் இன்னும் மாட்டவில்லை. புதுப் பெயின்ட் அடித்து, கம்பளியில் சுற்றி, பச்சைப்பிள்ளையைக் கிடத்தின மாதிரிக் கிடத்தியிருந்தார் மனுஷர். அவளும் இன்னொருத்தியுமாக அதை வெளியே தூக்கினார்கள்.

"வச்சிட்டுப் போ! வேலையிலருந்து பேரை வெட்டிருவேன்!" என்று துரை பாய்ந்து வந்தார்.

"வெட்டுங்க தொரை. மண்ணு விழுந்தா வெட்டுறதுக்கு எங்க பேரு ஒண்ணும் மிஞ்சாது."

டாக்டரும் துரையும் கத்திக்கொண்டே கோயிலடி வரை பின்னால் வந்தார்கள். சில்லைச் சங்கிலியில் மாட்டியதும் சிவசக்தி மரத்தடியில் கிடந்த சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தாள்.

நல்ல வெயில், வானத்தில் மேகமே இல்லை. ஆனாலும் கீழ் லயத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. சோற்றுக் கையோடும் சொட்டுகிற ஈரத் தலையோடும் சனம் வெட்டவெளிக்கு ஓடியது. நல்லம்மா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்து, மற்றதைக் கையில் இழுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினாள். ஓடிப்போய் நின்று மலையை அண்ணாந்து பார்த்தாள்.

டாக்டரும் கீழே எட்டிப் பார்த்தார்.

"போயி வேற சில்லு தேடுங்கய்யா," என்றாள் சிவசக்தி. "தேடுறதுக்கு உங்களுக்கு நேரம் இருக்கு. அதுகளுக்கு ஓடுறதுக்கே பத்தாது."