நாற்காலிக்கு வந்த அழைப்பு

அன்று பிற்பகல் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். அப்பா, முன்னாள் கவர்னர் ஏனோக் வெதர்பி, கணப்புக்கு இடப்பக்கம் உயர்ந்த முதுகு வைத்த தன் நாற்காலியில், முழங்கால்மேல் கம்பளியோடு. நான், அவர் மகள் லோயிஸ், ஜன்னலோரம் எழுதும் மேசையில். சமையல் பார்க்கும் டோர்கஸ் அடுக்களைப் படியில், மடியில் உரித்துக்கொண்டிருந்த பட்டாணி. நான்காமவர் வெஸ்ட்பரி விழாக் குழுவிலிருந்து வந்த கேலப் ஸ்டாடர்ட் என்ற வக்கீல். அவர் கதவோரப் பெஞ்சின் நுனியில், தொப்பியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் என்னிடம் அவர் கேட்டது, "மறைந்த கவர்னரோட நாற்காலிய குடும்பத்தார் ரெண்டு வாரத்துக்கு இரவல் தருவீங்களா?" என்பதுதான். நான் கதவை இன்னும் அகலத் திறந்தேன். நாற்காலியும் தெரிந்தது, அதில் உட்கார்ந்திருந்தவரும் தெரிந்தார்.

அந்த வசந்தம் முழுக்க அப்பா ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைகிற ஜூலை நான்கு. அவர் கவர்னராக இருந்தபோது குடியிருந்த வெஸ்ட்பரியில் பெரிய விருந்து என்று செய்தித்தாளில் வந்திருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு ஆண்டும் அழைப்பு வரும். அவர் சொல்ல நான் பதில் எழுதுவேன், ஒரு படி எடுத்து ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பேன். கட்டுகள் மெலிந்துகொண்டே வந்தன. போன ஆண்டுக் கட்டில் இருந்தவை வேலித் தகராறு பற்றிய கடிதங்களும் விதைக் கடைக்கு எழுதியவையும்தான். அந்த மே மாதத்திலிருந்து, தபால் குதிரை மேடேறும் நாளில் அப்பா நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். குதிரை நிற்காமல் போனால் வைக்கோலைப் பற்றி ஏதாவது சொல்வார். நான் ஆமாம் என்பேன். டோர்கஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். எங்கள் மேட்டில் வேறு வீடுகள் இல்லை. மேற்குப் பக்கம் நிலம் தேடிப் போனவர்கள் விட்டுப்போன கல்வேலிகள் மட்டும் காட்டுக்குள் நீண்டு கிடக்கின்றன.

"என்னிக்கு செத்தேன் தம்பி?" என்று அப்பா கேட்டார். கோபம் இல்லை. விவரம் தெரிந்துகொள்ளும் குரல்.

ஸ்டாடர்ட் எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கணும்யா. போன வருஷ விருந்துலயே..." நிறுத்தினார். பிறகு சொன்னார். விருந்தில் கோப்பை உயர்த்திச் சொல்லும் வாழ்த்துகள் பதின்மூன்று, நாடு தொடங்கியபோது இருந்த மாநிலங்களுக்கு ஆளுக்கொன்றாக. எதை எப்படிக் குடிப்பது என்று பட்டியலிலேயே அச்சடித்திருக்கும். சிலதுக்கு ஆரவாரம், சிலதுக்கு வாத்தியம். வாஷிங்டனுக்கும் மறைந்த மற்றவர்களுக்கும் எழுந்து நின்று, பேச்சில்லாமல். போன ஆண்டு பட்டியல் போட்டவர் யாரோ அப்பாவின் பெயரையும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறார். எல்லோரும் எழுந்தார்கள், குடித்தார்கள், உட்கார்ந்தார்கள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அந்த வாழ்த்துக்குப் பேசக்கூடாதுங்கய்யா."

டோர்கஸின் தோள் குலுங்கியது. "பைபிள்ல வர்ற ஏனோக்கு சாகாமலே மேல போனாரு. நம்ம ஐயாவ சாகாமலே மேல அனுப்பிட்டாங்க," என்றாள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. நான் தண்ணீர் கொடுத்தேன். வக்கீலுக்கு டோர்கஸ் ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாற்காலி எதுக்கு?"

"தலைமை மேசையில, கறுப்புத் துணி போர்த்தி, காலியா வைக்கறதா முடிவு. அரசியலமைப்ப ஏத்துக்கிட்ட மாநாட்டுல நீங்க உட்கார்ந்திருந்த நாற்காலி. அதுலருந்து எழுந்து நீங்க சொன்ன ஒரே சொல்லுல சபையே திரும்பிச்சுன்னு நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சோம்."

"அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துது. வாயே திறக்கல. உட்கார இடமும் இல்ல, தூண்ல சாய்ஞ்சுதான் நின்னேன். கை தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். இது என் மாமனார் கல்யாணத்துக்குக் குடுத்த நாற்காலி."

ஸ்டாடர்ட் என்னைப் பார்த்தார். "இத வெளிய சொல்லாம இருந்தா நல்லதுங்கம்மா," என்று மெல்லச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. குழுவில் இளையவர் என்பதால் வண்டியோடு அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பட்டாணி பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது. அப்பா கம்பளியின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வந்தவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் போதும். ஸ்டாடர்டும் அதை உணர்ந்திருக்க வேண்டும், தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க வந்தா எங்களுக்குப் பெருமைதான்யா. ஆனா பட்டியல் அச்சாயிடுச்சு. வாத்தியக்காரங்க சோக கீதம் பழகிட்டாங்க. விழாவுக்குத் தலைமை தாங்கற நீதிபதியோட பேச்சுல உங்க மறைவப் பத்தியே கால் பங்கு இருக்கு. நான் தனியா ஒண்ணும் சொல்ல முடியாது. குழுவுல கேக்கறேன்."

"கேளு தம்பி, கேளு. குவின்சிக்கும் வர்ஜீனியாவுக்கும், பழைய ஜனாதிபதிங்க ரெண்டு பேருக்கு அழைப்பு போயிருக்காமே, பேப்பர்ல பார்த்தேன். அந்த ரெண்டு பெரியவங்களுக்கும் அழைப்பு இருக்கு, போக உடம்பு இல்ல. எனக்குப் போக உடம்பு இருக்கு." கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். நான் ஓடுவதற்குள் நேராக நின்றுவிட்டார். "தூக்கிட்டுப் போ. நாற்காலிக்காவது அழைப்பு வந்திருக்கு."

"ஐயா, வேண்டாங்க..."

"கால் ஒண்ணு ஆடும். அடியில ஒரு மரச் சீவல் வச்சுக்கணும், நீதிபதிகிட்ட சொல்லு. லோயிஸ், எழுது."

டோர்கஸ் அடுக்களை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அப்பா அதில் உட்கார்ந்ததும் என் மேசை அவர் நெற்றி உயரத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு தாழ்வாக அவரை நான் பார்த்ததில்லை. விருந்துக்கு வர இயலாதவர்கள் தங்கள் வாழ்த்தைக் கடிதத்தில் அனுப்புவது வழக்கம். பதின்மூன்றும் முடிந்த பிறகு அவற்றைப் படிப்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய நாட்களில் சட்டசபைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"கனவான்களே. என் நாற்காலி வருகிறது. என் சார்பில் ஒரு வாழ்த்து: இந்தக் கூடத்தில் உயிரோடிருக்கும் எல்லோருக்கும். உட்கார்ந்தபடியே, பக்கத்திலிருப்பவரிடம் பேசிக்கொண்டே குடிக்கவும்."

கையெழுத்துக்காகக் காகிதத்தை அட்டையில் வைத்து நீட்டினேன். பேனாவைப் பிடித்து வெகுநேரம் எழுதினார். பெயர் சாய்ந்து கீழே இறங்கியது. ஸ்டாடர்ட் அதற்குள் நாற்காலியை வண்டிக்குச் சுமந்து போயிருந்தார். டோர்கஸ் கயிறு எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். இத்தனை ஆண்டுகளில் அப்பா சொல்லாத ஒரு சொல்லை அவர் கடிதத்தில் நான் சேர்த்ததில்லை. யார் சொல்லியும் அவர் ஒரு சொல்லை மாற்றமாட்டார், நானும் மாற்றத் துணியமாட்டேன். அன்று கையெழுத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதினேன்: அவர் வருவார். ஒரு வரி எழுதி அழையுங்கள். லோ. வெ.

"படி," என்றார் அப்பா. எந்தக் கடிதத்தையும் மூடுமுன் படித்துக் காட்டவேண்டும். படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா."

"கீழே இறக்கி ஏதோ எழுதற சத்தம் கேட்டுது."

"தேதிப்பா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தேதி முக்கியம்," என்றார்.

மெழுகைச் சுடரில் காட்டினேன். இரண்டு சொட்டு அதிகமாகவே விழுந்தது. முத்திரையை அழுத்தி, எடுத்து, ஊதாமல் ஆறவிட்டு, வெளியே கொண்டுபோய் வண்டியில் ஏறியிருந்த ஸ்டாடர்டின் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். நாற்காலியை முன்பக்கம் பார்த்து வைக்க இடம் போதாமல் பின்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். வண்டி மேட்டிலிருந்து இறங்கியபோது அது எங்கள் வாசலையே பார்த்தபடி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் லேசாகத் தலையசைத்துக்கொண்டு போயிற்று.