ஆளெடுப்பானின் கடைசிப் பாகம்

கடத்தூர்ச் சந்தைத் திடலில் போட்டிருந்த டென்ட் கொட்டகையில் ஒரு வெள்ளைக்காரப் படம் வாரத்துக்கு ஒரு பாகமாக ஓடியது. பேசாத படம். பெரிய ஊர்களில் பேசும் படம் வந்துவிட்ட காலத்திலும் கடத்தூருக்கு வந்து சேர்ந்தது இந்தப் பழசுதான். இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் சனங்களே அதற்கு ‘ஆளெடுப்பான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நட்சத்திரத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கி வரும். மனிதர்களின் உடம்பை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிற ஆளை மட்டும் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துவிடும். உடம்பு அது பாட்டுக்கு எழுந்து நடக்கும், சாப்பிடும், தூங்கும். பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும், இது அவன் இல்லை என்று.

முதல் பாகத்திலேயே பாதிச் சனம் எழுந்து ஓடிவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்பிள்ளைகள்தான் முதலில் ஓடினார்கள். முன்னால் மண்தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் தீர்த்தம்மாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு ஆறுதலும் இருந்தது. தன் கதை உலகத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறதே என்ற ஆறுதல்.

அவள் புருஷன் மாதப்பன் தங்கச் சுரங்கத்து வேலைக்குப் போனவன். பாறை சரிந்து உள்ளே மாட்டி, உயிரோடு மீண்டு வந்தான். ஒரு கீறல்கூட இல்லை. பேச்சுதான் போய்விட்டது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. உட்கார் என்றால் உட்காருவான், எழு என்றால் எழுவான். “முழுசா வந்துட்டானே, நீ குடுத்துவெச்சவ” என்று ஊரே சொன்னது. இப்படிச் சொல்கிறவர்களை ஒரு நாள் அவனோடு குடித்தனம் நடத்தச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பாகத்தில், படத்திலிருந்த பெண்ணுக்குச் சந்தேகம் வந்து, புருஷனின் தட்டில் உப்பை அள்ளிக் கொட்டினாள். அவன் முகம் சுளிக்காமல் தின்றான். எவன் எடுத்த படமோ, பேயையும் பல்லையும் காட்டாமல் ஒரு பிடி உப்பைக் காட்டியே குலை நடுங்க வைத்துவிட்டான் மகராசன்.

வீட்டுக்குப் போன தீர்த்தம்மாள் களியில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கிண்டினாள். முன்பெல்லாம் ஒரு கல் உப்புக் கூடினாலும் வட்டிலை வாசலில் வீசுகிற கோபக்காரன் மாதப்பன். வீசட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். அவன் கடைசி உருண்டைவரை தின்றான், தண்ணீர் குடித்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் படம் முடிந்ததும், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற சவுரியப்பனை வழிமறித்தாள்.

“அண்ணா, கடசியில அந்தாளு திரும்பி வந்துருவானுங்களா?”

“எனக்கே தெரியாதும்மா. சேலத்துல இருந்து படப்பெட்டி வந்தாத்தான் தெரியும். ஏன், உன் வூட்டுக்காரனையும் தூக்கிக்கிட்டுப் போயிருச்சா?”

“ஆமாங்க” என்று நடந்ததையெல்லாம் சொன்னாள். சவுரியப்பனின் சிரிப்பு அடங்கிப்போனது.

“குடுவைய ஒடச்சா ஆளு வந்துருவான்னு இன்னிக்குச் சொன்னீங்களே. ஒடைக்கறப்ப இவரையும் கொண்டாந்து உக்கார வெக்கறேனுங்க” என்றாள். “சரி, கூட்டிக்கிட்டு வாம்மா” என்றார் அவர்.

கடைசிப் பாகத்தன்று மாதப்பனுக்குத் தலை வாரி, வெளுத்த வேட்டி கட்டிவிட்டு அழைத்து வந்தாள். படத்துப் பெண் குடுவைகளுக்கு நடுவே தேடி, தன் புருஷனுடையதை எடுத்துத் தரையில் அடித்தாள். தீர்த்தம்மாள் திரையைப் பார்க்கவில்லை. மாதப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவுரியப்பனின் குரல் தடுமாறி நின்றது. அப்புறம் பெரிதாகக் கத்தியது: “வந்துட்டான்! அவ புருசன் வந்துட்டான்!” கொட்டகை முழுக்க விசில் பறந்தது. மாதப்பன் கண்கூடச் சிமிட்டவில்லை.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். உடைந்த குடுவைக்குள் ஒன்றுமே இல்லை. அந்த ஆள் வெறித்தபடி நின்றிருந்தான். படத்துப் பெண் அவன் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதுகொண்டிருந்தாள். சனத்துக்கு அது ஆனந்தக் கண்ணீராகத் தெரிந்தது. அத்தோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

சனம் கலைந்த பிறகு தீர்த்தம்மாள் சவுரியப்பனிடம் போனாள்.

“நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா அவன் வரலீங்களே?”

“வரலம்மா. உங்க ரெண்டு பேரையும் பாத்ததும் என் வாயில வேற வந்துருச்சு.”

“அது போவட்டுங்க. அப்பறம் அந்தப் பொம்பள என்ன பண்ணுவா? அத எப்பக் காட்டுவாங்க?”

சவுரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “அதக் காட்ட மாட்டாங்கம்மா. படம் அவ்வளவுதான்.”

மாதப்பன் நிறுத்திவைத்த இடத்திலேயே நின்றிருந்தான். தீர்த்தம்மாள் போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் கூடவே நடந்தான். வேறு யார் பிடித்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பான்.