கோணல் சுண்டுவிரல்

சலவைக் கடையில் அவளுக்குப் பெயர் ‘கறை டாக்டர்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும்தான் வெளியே வரும். அழுக்குத் துணி வந்து இறங்குகிற மேஜை அவளுடையது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது தேநீர், இது துரு, இது பேனா மை, இது தலைகீழாக நின்றாலும் போகாது என்று பிரித்துப் போடுவாள். ஒருமுறை ஒரு கனவான் தன் கோட்டுத் தோளில் இருப்பது தக்காளிச் சாறு என்று சாதித்தார். தக்காளிச் சாறு உதடு மாதிரி சிந்தாதுங்க என்றாள் இவள். கோட்டைத் திரும்ப வாங்க அவர் வேறு ஆளைத்தான் அனுப்பினார்.

இப்படி ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லிச் சொல்லி, தன் கண் தப்பவே தப்பாது என்ற நினைப்பு அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அவளுக்கு ஒரே பெண், நாலு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், வேறெப்படிக் கூப்பிடுவது? காலையில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் கூட்டி வருவாள். நாத்தனார் என்றால் இவள் புருஷனுடைய அக்கா. அடுத்த தெருவில், மாடிப்படி நேரே சாலையில் போய் முடிகிற வீடு. பிள்ளை இல்லாதவள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவளும் பேசவிடுவதில்லை. முன்பு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து பிசைந்து உரம் ஏறிய கை. அங்கே கதவிடுக்கில் நசுங்கிய வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிட்டது. தெருவில் போகும்போது வாலு அந்த விரலைத்தான் பிடித்துக்கொள்வாள். பிடிக்கத் தோதாக இருக்கிறதாம் மகாராணிக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் போனபோது பிள்ளை படியடியில் நின்று விசும்பிக்கொண்டிருந்தது. தெருவில் அப்போதுதான் ஒரு வேன் கடந்து போயிருந்தது. நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது, என்னவோ சொல்ல வந்தாள். கால் கடுத்த எரிச்சலில் இவள் காதில் வாங்காமல், நாளைக்குப் பேசலாம் அண்ணி என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டில் கவுனைக் கழற்றினால், பிள்ளையின் இடது புஜத்தில் நாலு சிவப்புக் கோடு. தடித்து எழும்பி நிற்கிறது. நாலாவது கோடு வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. யார் கை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை அடிச்சாங்களா என்று கேட்டாள். பிள்ளை தலையை ஆட்டியது. நிலா அடிச்சுதா என்று கேட்டிருந்தாலும் அந்தத் தலை ஆடியிருக்கும். அதை யோசிக்க அவளுக்கு அப்போது ஏது பொறுமை? பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் அடிக்கலம்மா. நீ வர்ற நேரமாச்சுன்னு ரோட்டுக்கு ஓடினா, வேன் வந்துச்சு. புடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான்.”

“புடிச்சா இப்படியா பதியும்? நாள் பூரா கறையப் பாக்கறவ நான். என்கிட்டயேவா?”

“உம் பொண்ணு மேல சத்தியமா…”

“எம் பொண்ணு மேல நீங்க ஏன் சத்தியம் பண்றீங்க? பெத்திருந்தா தெரியும்.”

சொல்லிவிட்டாள். நாக்கில் இருந்து இறங்கும்போதே அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் விஷயம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிவந்த புருஷன் அதன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. எங்கே இருக்கு என்று கேட்டான். மேஜையில் ஒரு கறை இப்படித் தானாகக் காணாமல் போயிருந்தால் அவளே சும்மா விட்டிருக்க மாட்டாள். ஆனால் கோபத்துக்குக் கண் ஏது? உங்க அக்கா கெட்டிக்காரி, தடம் நிக்காம அடிக்கத் தெரியும் என்றாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

வாலு குழந்தைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினாள். கொஞ்ச நாள் அத்தை அத்தை என்று பிடுங்கி எடுத்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அது நல்லது என்றுதான் அப்போது இவளுக்குத் தோன்றியது, பாவி மனசு.

மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. காப்பகம் விடுமுறையான ஒரு நாள் பிள்ளையைக் கடைக்கே கூட்டிவந்தாள். வாலு சும்மா இருப்பாளா? துணிக்கூடைகளை அடுக்கி அதன் மேல் ஏறி, சறுக்கினாள். கீழே கொதிக்கிற நீராவிக் குழாய். இவள் பாய்ந்து புஜத்தைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வீலென்று அழுதுவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறந்து விளையாடப் போய்விட்டது. இஸ்திரி போடுகிறவர் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

“ஏம்மா, பச்சப்புள்ளய இப்படியா அடிக்கறது?”

“நான் அடிக்கலண்ணே. புடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. போய்ப் பார்த்தாள். நாலு கோடு, தடித்து, சிவந்து. நாலும் நேராக இருந்தன. அவளுடைய விரல்கள்.

மறுநாள் மருத்துவரிடம் காட்டினாள். அந்த அம்மாள் பிள்ளையின் முதுகில் பேனா மூடியால் லேசாக ஒரு கோடு இழுத்துவிட்டு, காத்திருங்கள் என்றார். சற்றுப் பொறுத்து அது சிவந்து புடைத்து எழும்பியது. தோல் திடீரென்று திட்டுத்திட்டாகச் சிவக்க ஆயிரம் காரணம் உண்டு என்றார்: வெயில், குளிர், பூச்சிக்கடி, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, இறுக்கமான நாடா, வெட்கம், பயம். சில பேர் தோலுக்கு அழுத்திப் பிடித்தாலே போதும், தேய்த்தாலே போதும், எழும்பிவிடும். அரை மணியில் தானாக அடங்கும். பயப்பட ஒன்றுமில்லை, யாரும் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை என்று சிரித்தார். அந்தக் கடைசி வார்த்தை கேட்டு இவள் அழுதது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

அங்கிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குத்தான் போனாள். கதவைத் திறந்த நாத்தனார், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவள் மாதிரி, வா என்றாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். இவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூடை, குழாய், பேனா மூடி, ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் அந்த ஒரு சொல்லையும் தானே எடுத்து, அதுக்கு என்னை செருப்பால அடிங்க அண்ணி என்றாள்.

“விடும்மா. புள்ள கையில தடத்தப் பாத்தா எந்தத் தாய்க்கும் பதறத்தான் செய்யும்.” நாத்தனார் டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டாள். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாலு அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். மறந்துவிட்டாள் என்றுதான் இவள் நினைத்தாள். பிள்ளை மெல்ல வந்து அத்தை முன்னால் நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது. நாத்தனார் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தூக்குங்க அண்ணி.”

“வேணாம்மா. பதிஞ்சிடும்.”

“பதிஞ்சா பதியட்டும் அண்ணி. போயிடும்.”

“ம்” என்றாள் நாத்தனார். கை பின்னாலேயே இருந்தது.

வாலுவுக்குப் பொறுமை போய்விட்டது. சுற்றிக்கொண்டு பின்னால் போய், அந்தக் கோணல் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து, வா அத்தை, கீழே போகலாம் என்று இழுத்தாள். நாத்தனார் மறுக்கவில்லை. இழுத்த இழுப்புக்குப் படியிறங்கி, சாலை ஓரம் வரை கூடவே போனாள். இவள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைதான் அந்த விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்ற விரல்களைப் பிள்ளை மேல் பட்டுவிடாமல் நாத்தனார் விரித்தே வைத்திருந்தாள்.