இது சாரல் அன்று

குளிர்பெட்டியின் வயர் எட்டும் தூரத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருந்தது. அதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுக் கௌரிசங்கர் பெட்டியைச் செருகினான்.

“அண்ணே, அது அப்பாவோட கம்ப்யூட்டர்!” என்றாள் உமா மகேஸ்வரி.

“அப்பாவே இந்தப் பெட்டிக்குள்ள கெடக்காவ. அந்தப் பெட்டி ஓடி என்னட்டி ஆகப்போவுது?”

அவனைக் குறைசொல்ல முடியாது. காலையில் காபித் தம்ளரைக் கீழே வைத்த தில்லைநாயகம் அதன்பின் எதையும் கையில் எடுக்கவில்லை. “சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியளே” என்று அம்மா அரற்றிக்கொண்டிருந்தாள்.

உமா அலமாரியைப் பார்த்தாள். சீட்டுக்கட்டு அளவேயான கணினி. அதன் அடியில், அப்பா தம் கையால் பற்றவைத்த பேக்கப் போர்டும் இரண்டு பேட்டரிகளும். போர்டின் பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மொட்டைமாடி மழைமானியைப் பார்த்து, இங்கே குற்றாலத்தில் விழுவது வெறும் சாரலா, கிழக்கே நகரும் மழையா என்று கணித்துச் சுந்தரபாண்டியபுரத்து விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. ஆனால் மழை வந்தால் முதலில் கரண்ட் போகும். போகிற போக்கில் மெமரி கார்டையும் கெடுத்துவிடும். அப்படி இரண்டு பருவம் செய்தி போகாமல் களத்து நெல் நனைந்தது. “பேக்கப் போர்டு ரெடிமேடா கெடைக்குதேப்பா” என்றாள் உமா. அவர் ஒன்றை வாங்கி, பிரித்து, குறைகண்டு, தாமே வேறொன்று செய்தார்.

“கரண்ட் போறது தப்பில்லம்மா. சொல்லாமப் போறதுதான் தப்பு.”

பேட்டரி தீருமுன் அவருடைய போர்டு கணினிக்குச் சொல்லிவிடும். கணினி எழுதவேண்டியதை எழுதி முடித்து அடங்கும்வரை பொறுத்திருந்து, பிறகே இணைப்பைத் துண்டிக்கும். அப்படித்தான் சொல்லியிருந்தார். மழையில் அது இன்னும் சோதிக்கப்படவில்லை.

பந்தல் தகரத்தில் தூறல் சத்தம் கனத்தது. இன்று இது தாங்காவிட்டால் நெல்லும் நனையும், அப்பாவின் சொல்லும் பொய்க்கும். உமா மஞ்சள் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பந்தலில் பல சட்டைப்பைகள் ஒருசேர ஒலித்தன.

‘இது சாரல் அன்று; மழை. களத்து நெல்லை மூடவும். – தில்லைநாயகம்.’

வேன் பிடித்து வந்திருந்த விவசாயிகள் போனையும் குளிர்பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். முதல் செய்தி வந்த நாளில், “‘அன்று’ன்னா என்னைக்கு அண்ணாச்சி?” என்று கேட்டு அரைமணி நேர இலக்கணப் பாடம் வாங்கிக்கொண்ட சங்கிலிப்பாண்டி, போனைப் பைக்குள் போட்டார்.

“போங்க மாமா” என்றாள் உமா.

“நெல்லு கெடக்கட்டும் தாயி. அண்ணாச்சிய எடுக்கு முன்ன எப்படி எந்திரிக்க?”

“வீட்ல ஆளு இருக்கா?”

“எல்லாரும் இங்கனதான இருக்கோம்.”

“அப்பம் கெளம்புங்க. அவியதான சொல்லுதாவ.”

சங்கிலிப்பாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பெட்டியை நோக்கிக் கும்பிட்டார். வேன் கிளம்பிற்று.

மாலையில் மஞ்சள் விளக்கு சிவப்பாகி, சிமிட்டத் தொடங்கியது. கணினியின் சின்ன விளக்கு மட்டும் சற்று நேரம் துடித்தது, எழுதிக்கொண்டிருந்தது. அது நின்றது. அதன் பிறகே சிவப்பும் அணைந்தது.

அலமாரியில் அப்பாவின் போன் அதிர்ந்தது. ஒவ்வொரு மழைக்கும் வரும் பதில்தான். பழக்கத்தில் அனுப்பியிருந்தார் சங்கிலிப்பாண்டி. வழக்கம்போல ணகரம் தவறியிருந்தது.

‘மூடியாச்சு அன்னாச்சி.’

உமா போனைக் குளிர்பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள். பிறகு, எழுத்து அவர் பக்கம் நேராகத் தெரியும்படி அதைத் திருப்பி வைத்தாள்.