தோண்டிய இடம்

கிரைண்டர் நின்ற பிறகும் கை நிற்பதில்லை. மணிக்கட்டில் தொடங்கும் நடுக்கம் முழங்கைவரை ஏறி, அங்கே பல்வலி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வார்ப்படத் தொழிற்சாலையில் பிசிறு தேய்க்கிறவன் அவன், எல்லோருக்கும் கிரைண்டர்காரன். அச்சிலிருந்து வரும் இரும்பின் ஓரங்களைச் சக்கரத்தில் கொடுத்து மழுங்கடிக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் கொஞ்ச நேரத்துக்குத் தட்டைக்கூடப் பிடிக்க முடியாது. மனைவி வெந்நீர் வாளியை முன்னால் தள்ளிவிடுவாள். இரண்டு கைகளையும் அதில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நடுக்கம் அடங்கியதும் சாப்பாட்டுப் பக்கம் போகமாட்டான். அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகரப் பெட்டியை இறக்குவான்.

"ஊரான் ராணுவத்துக்கு சலாம் போட்டு முடிச்சாச்சா? சாப்பிட வரலாமா?" என்பாள் மனைவி.

பெட்டிக்குள் இருப்பவை சோவியத் ராணுவத்தின் பதக்கங்களும் பேட்ஜுகளும். உருக்குவதற்காக வந்த பித்தளைக் கழிவு மூட்டை ஒன்றில் சிவப்பு எனாமல் நட்சத்திரம் ஒன்று கிடந்தது. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "எடுத்துக்கோடா, இதுலயா உலை நிறையப் போகுது" என்றான் உலைக்காரன். பிறகு ரஷ்ய மொழியின் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகினான். பின்னால் இருக்கும் திருகு அசலா, மாற்றியதா என்று பார்க்கப் பழகினான். போலிகள் பெரும்பாலும் வார்த்தவை. ஓரத்தில் விரலை ஓட்டினால் போதும், வார்த்ததா அச்சில் அடித்ததா என்று தெரிந்துவிடும். நாள் முழுக்கத் தடவுவதே வார்ப்படத்தின் ஓரத்தைத்தானே.

பெட்டியில் இருந்ததிலேயே பெரிய சொத்து ஒரு வெள்ளிப் பதக்கம். மேலே மூன்று விமானங்கள், கீழே ஒரு டாங்கி, நடுவில் 'தைரியத்துக்காக' என்று பொருள்படும் எழுத்து. பழைய சாமான் சந்தையில் கடை வைத்திருக்கும் 'பூதக்கண்ணாடி'யிடம் வாங்கியது. அந்த மனிதரின் கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று சந்தையே சந்தேகப்படும்.

வாங்கும்போது பதக்கம் முழுக்க மண். கிரைண்டர்காரன் அதைச் சேகரிக்கிறவர்களின் முறைப்படிதான் சுத்தம் செய்தான். பாலிஷ் போடவில்லை, பிரஷ் தொடவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, மரக்குச்சியால் மண்ணை நெகிழ்த்தி எடுத்து, மெல்லிய துணியால் ஒற்றினான். மண் கரைந்து அங்கணத்தில் போனது. பின்பக்கத்தில் எண் தெரிந்தது. எண் தெரிந்த அன்று பச்சைக் குழந்தையைத் தூக்குகிறவன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான்.

எண் இருந்தால் ஆளைத் தேடலாம். போனில் இருந்த சேகரிப்பாளர் குழுவில் போட்டான். பல மாதம் கழித்து, முகம் தெரியாத ஒருவர் ஆவணக் காப்பகத்திலிருந்து அட்டை ஒன்றின் படத்தை அனுப்பினார். தொழில்: தச்சர். ஆற்றங்கரையில் காயம்பட்ட மூன்று பேரை முதுகில் சுமந்து கொண்டுவந்ததற்காகப் பதக்கம். அடுத்த குளிர்காலத்தில் ஒரே வரி: காணாமல் போனவர், தடயமில்லை.

அந்த வரியைப் படித்த பிறகு கிரைண்டர்காரன் பெட்டியை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தான். ஏன் என்று மனைவிக்குத் தெரியும்.

அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். மலையில் சுரங்கப்பாதை குடையும் வேலைக்கு மேஸ்திரி ஒருவனோடு போனவன் திரும்பவில்லை. ஆள் ஓடிப்போய்விட்டான் என்றான் மேஸ்திரி. அம்மா விடவில்லை. மேஸ்திரியின் வாசலிலேயே போய் உட்கார்ந்தாள். தொல்லை தாங்காமல் அவன் ஒரு மலைத் திருப்பத்தின் பெயரைச் சொன்னான், தம்பிமேல் மண் சரிந்து மூடியது அங்கேதான் என்று. அம்மா இரண்டு பஸ் மாறிப் போய், அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் வேலை பார்த்த ஒருவன் வந்து, அந்தத் திருப்பத்தில் யாரும் ஒரு கடப்பாரைகூடப் போட்டதில்லை என்று சொல்லிவிட்டான்.

"இல்லாத இடத்துல அழுதுட்டு வந்திருக்கேன்டா" என்றாள் அம்மா. அதற்கப்புறம் சாகும்வரை தம்பியைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

தச்சருக்கு ஒரு மகள் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்ததும் அந்தக் குழுதான். எண்பதைத் தாண்டிய மூதாட்டி. அவர் தன் மொழியில் எழுதுவார், போன் அதைத் தமிழாக்கிக் கொடுக்கும். முதல் செய்தி இப்படித் தொடங்கியது: 'மதிப்பிற்குரிய அரைக்கும் மனிதரே.'

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்களை மில்லு வெச்சிருக்கிற முதலாளின்னு நினைச்சுட்டாங்க. மறுத்து எழுதிடாதீங்க, ஒரு கௌரவம் இருக்கட்டும்."

அடுத்த வரிகளில் சிரிக்க எதுவும் இல்லை.

'பதக்கத்தின் படம் பார்த்தேன். முத்தமிட்டேன். போன் கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு அப்பாவின் முகம் நினைவில் இல்லை. அம்மா ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நின்றார். நான் ரயிலுக்குப் போகவில்லை. நான் ஒரு இடத்தில் நிற்க விரும்புகிறேன். பதக்கம் அவர் மார்பில் இருந்தது என்றால், அது கிடந்த இடத்தில் அவரும் கிடப்பார். தயவுசெய்து சொல்லுங்கள். இது எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது?'

குழுவில் கேட்டான். மண் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்றார்கள். களியா, மணலா, ஆற்று வண்டலா என்று தெரிந்தால் எந்தப் பக்கம் என்றாவது ஊகிக்கலாமாம். கிரைண்டர்காரன் அங்கணத்தைப் போய்ப் பார்த்தான். பார்த்து என்ன செய்ய? ஈரச் சிமெண்டும் ஒரு சோப்புத் துண்டும்தான் இருந்தன.

விடுமுறை நாளில் சந்தைக்குப் போனான். சட்டைப் பைக்குள் பெட்டியிலிருந்து எடுத்த சோவியத் காவற்படைப் பேட்ஜ் ஒன்று இருந்தது: சிவப்புக் கொடி, வெள்ளை எனாமல், ஒரு கீறல் இல்லை, திருகும் அசல். பூதக்கண்ணாடி வருஷக்கணக்காக அதன்மேல் கண் வைத்திருந்தார்.

"வாய்யா கிரைண்டரு. என்ன, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"அண்ணே, அந்த தைரியப் பதக்கம், மண்ணோட குடுத்தீங்களே, அது எங்க தோண்டினது?"

பூதக்கண்ணாடி பக்கத்துக் கடையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "இது கேக்குற கேள்வியாய்யா? எத்தனை வருஷமா வர்றே? என்னைக்காவது கேட்டிருக்கியா? கேக்காதவனுக்குத்தான்யா இங்க சாமான்."

"இப்ப கேக்குறேன்." பேட்ஜை எடுத்துத் துணிமேல் வைத்தான். "இதை வெச்சுக்கோங்க. இடத்தைச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடி கண்ணாடியைத் தூக்கிப் பேட்ஜைப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், திருகு, மறுபடி முன்பக்கம். பிறகு அதை அவன் பக்கமே தள்ளினார்.

"தெரிஞ்சா வாங்கிக்குவேன்யா. எனக்கே தெரியாது."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஒரு லாரி டிரைவர். எல்லை தாண்டிப் போயிட்டு வர்ற ஆளு. ஒரு ஸ்பூனு, பெல்ட் கொக்கி, அதோட இதையும் ஒரு பழைய துணியில சுருட்டிக் குடுத்தான். அவன் யார்கிட்ட வாங்கினானோ. நான் கேக்கலை, அவனும் கேட்டிருக்க மாட்டான்."

"மறுபடி வருவானா?"

"வந்தா வருவான். போன குளிர்ல வந்தது. பேரு தெரியாது. மோவாயில தழும்பு இருக்கும்." பூதக்கண்ணாடி குரலைத் தணித்தார். "ஆமா, யாரு கேக்குறா?"

சொன்னான். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவங்க எண்பதைத் தாண்டினவங்க. மேப்பைப் பாரு. அந்தாளு இருந்த பட்டாளம் எந்தப் பக்கம் போச்சுன்னு உனக்குத்தான் தெரியுமே. அந்த வழியில ஏதாவது ஒரு ஊரைச் சொல்லிடு. போய் ஒரு பூ வெச்சுட்டு நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும். பாவம் வராதுய்யா. புண்ணியம்தான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கிரைண்டர்காரனைக் கலக்கியது. மேஸ்திரியும்கூட ஒருவேளை இப்படித்தான் நினைத்திருப்பானோ? கிழவி நிம்மதியாகப் போகட்டும் என்று?

வீட்டுக்கு வந்து மேப்பை விரித்தான். ஊர் இருந்தது. ஆற்றோரம், நல்ல பெயர், பட்டாளம் அந்த வழியாகப் போனது பதிவிலேயே இருந்தது. உண்மையாகக்கூட இருக்கலாம். போனில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தான். அனுப்புகிற பொத்தானுக்கு மேலே விரல் நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கிடைச்சிடுச்சா?"

"இல்ல."

"பின்ன இது என்ன ஊரு?"

அவள் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை பஸ்ல இருந்து இறங்கி வந்தது எனக்கு நினைவிருக்கு. முகமெல்லாம் தெளிஞ்சு இருந்துச்சு. அப்படி ஒரு முகத்தை அதுக்கு முன்னாடியும் நான் பார்க்கல, பின்னாடியும் பார்க்கல." தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஒரு வருஷமாவது அந்த முகம் இருந்துச்சுல்ல. அனுப்புறதுன்னா அனுப்புங்க. நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம் பொய்யின்னு தெரிஞ்சுதே."

"இவங்களுக்கு யாரு சொல்லப் போறா?"

"யாரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியுமே."

"அப்ப அழிங்க. சாப்பாடு ஆறுது."

ஊரின் பெயரை அழித்தான். வேறு எழுதினான். எழுதத் தெரிந்த அளவுக்குத்தான் எழுதினான்: 'அம்மா, இடம் எனக்குத் தெரியாது. விற்றவருக்கும் தெரியாது. மண் இருந்தது. நான்தான் கழுவிவிட்டேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. பதக்கத்தை அனுப்புகிறேன். அது உங்களுடையது. இடத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.'

பதக்கத்தைப் பஞ்சில் வைத்து, பஞ்சை மரச் சிமிழில் வைத்து, சிமிழைப் பார்சல் செய்தான். ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்த்தான். மனைவி "போதும், ஒட்டுங்க" என்றாள். மறுபடியும் திறந்தான். அவள் பசைநாடாவை வாங்கித் தானே ஒட்டினாள். அன்றைக்குப் பெட்டியை இறக்கவில்லை. அடுத்த நாள் இறக்கினான். வெள்ளிப் பதக்கம் இருந்த பள்ளத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தான், சாப்பிடக் கூப்பிடும்வரை.

பார்சல் போய்ச் சேரப் பல வாரம் ஆனது. பிறகு ஒரு படம் வந்தது. மேஜை விரிப்பின் மேல் பதக்கம், அதன் பக்கத்தில் சுருக்கம் விழுந்த ஒரு கை. கை பதக்கத்தைத் தொடவில்லை, பக்கத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே: 'அரைக்கும் மனிதரே, வந்தது. எடையை நான் இத்தனை காலம் தவறாக நினைத்திருந்தேன். நீங்கள் தெரியாது என்று சொன்னதற்கு நன்றி. எனக்கு இதுவரை மூன்று பேர் மூன்று ஊர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் பூ வைத்தேன். நான் இன்னும் நடக்கிறேன். இடம் தெரிந்தால் எழுதுங்கள். சீக்கிரம்.'

குளிர்காலம் வந்தது. கிரைண்டர்காரன் ஒவ்வொரு விடுமுறையும் சந்தைக்குப் போய், லாரிகள் நிற்கும் ஓரமாக உட்கார்ந்து, இறங்குகிற டிரைவர்களின் மோவாயைப் பார்க்கிறான். "என்னய்யா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கிண்டல் செய்கிறார்கள். தழும்போடு ஒருத்தனும் வரவில்லை. பதக்கம் உரியவரிடம் போய்விட்டது. ஆனால் தச்சரின் மகளுக்கு அவன் தரவேண்டியது அப்படியே நிற்கிறது: அப்பா கிடக்கும் இடத்தின் பெயர்.